கல்லூரி பல்கலைக்கழகமாகும் முன் ஊழியர்களைத் தயார் செய்வது எப்படி? மதுரை வட்டார முஸ்லிம் கல்லூரிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரையைச் சுற்றி முஸ்லிம் அறக்கட்டளைகளும் வக்ஃப் வாரியமும் நடத்தும் கல்லூரிகள் இரண்டு மூன்று தலைமுறைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956இல் தொடங்கியது. மதுரை கே.கே. நகரில் வக்ஃப் வாரியக் கல்லூரி இருக்கிறது. இளையான்குடியில் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி 1970 முதல் நடக்கிறது. இப்படிப்பட்ட கல்லூரிகளின் ஆண்டு விழாவிலோ முன்னாள் மாணவர் கூட்டத்திலோ யாராவது ஒருவர் எழுந்து, "நாமும் ஒரு பல்கலைக்கழகமாக வேண்டும்" என்று சொல்லாமல் இருப்பதில்லை. நல்ல ஆசைதான். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் பேச்சு பெரும்பாலும் நிலம், கட்டடம், கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் தேசிய அமைப்பான நாக் தரும் மதிப்பெண் என்றே போகும். நாளைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்தப்போகிற ஆசிரியரும் அலுவலக உதவியாளரும் அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

இணைப்புக் கல்லூரி ஒன்றில் வேலை பார்ப்பவர்கள் அடுத்தவர் எடுத்த முடிவைச் சரியாகச் செய்து முடிப்பதில் கெட்டிக்காரர்கள். பாடத்திட்டம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கும் பல்கலை நகரிலிருந்து வரும். கேள்வித்தாளும் அங்கிருந்தே வரும். மார்க் ஷீட்டில் பிழை இருந்தால் மாணவனை நாகமலை புதுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடலாம். பல்கலைக்கழகமான மறுநாளிலிருந்து அந்த பஸ் கிடையாது. பாடம், தேர்வு, பட்டம், புகார் எல்லாவற்றுக்கும் நம் ஊழியரே முடிவெடுத்து, கையெழுத்துப் போட்டு, பதில் சொல்ல வேண்டும். ஊழியர் தயார்நிலை என்று நான் சொல்வது இதைத்தான். இரண்டு நாள் பயிற்சி முகாமில் வந்துவிடுகிற பழக்கம் அல்ல இது. குறைந்தது மூன்று ஆண்டு முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

முதல் படி: எந்தப் பாதை என்று ஊழியர்களிடம் சொல்லுங்கள்

"பல்கலைக்கழகம் ஆகப்போகிறோம்" என்று மட்டும் சொன்னால் வதந்திதான் வளரும். எந்தச் சட்டத்தின் கீழ் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஊழியரின் நிலை அமையும்.

இன்றைக்கு ஒரு கல்லூரிக்குத் தெளிவாக இருக்கும் வழி நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 3ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. 2023இல் வந்த விதிமுறைகளின்படி, தொடர்ந்து மூன்று சுற்றுகளில் நாக் 'ஏ' தரமும் குறைந்தது 3.01 புள்ளியும் பெற்றிருப்பது ஒரு தகுதி. மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் தொடர்ந்து மூன்று ஆண்டு ஒரு குறிப்பிட்ட பிரிவில் முதல் 50க்குள்ளோ, ஒட்டுமொத்தப் பட்டியலில் முதல் 100க்குள்ளோ இருப்பது இன்னொன்று. நம் பக்கத்திலேயே உதாரணங்கள் உண்டு. காந்திகிராமம் 1976இலும், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் 2006இலும் இந்த நிலைக்கு வந்தன. முஸ்லிம் நிர்வாகங்களில், 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வண்டலூர் கிரசண்ட் பிறகு நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

தனியார் பல்கலைக்கழகம் என்ற இன்னொரு பாதை நம் மாநிலத்தில் இன்னும் கொதிநிலையில் இருக்கிறது. இயங்கிவரும் கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகமாக மாற வழிசெய்யும் திருத்த மசோதா 2025 அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அரசு உதவிபெறும் கல்லூரிகளின் கதி என்ன என்று கேட்டு ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்று மறுஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது. உங்கள் ஊழியர் அறையில் இதைப் பற்றிப் பேசாதவர் இருக்க மாட்டார். ஆகவே நிர்வாகம் மௌனமாக இருப்பது சரியல்ல. முதல் ஊழியர் கூட்டத்திலேயே பாதையைச் சொல்லி, அதன் விதிமுறைகளை அச்சடித்து ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

மூன்று நாக் சுற்று என்பதில் ஒரு மனிதக் கணக்கும் இருக்கிறது. ஒரு சுற்று பொதுவாக 5 ஆண்டு. முதல் சுற்றில் கோப்புகளைச் சுமந்த பேராசிரியர் மூன்றாம் சுற்றுக்குள் ஓய்வு பெற்றிருப்பார். நாக் கோப்புகளைத் தயாரிக்கும் அகத் தர உறுதிக் குழுவில் ஒரே ஆள் எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் வைத்திருக்கிற வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. அவருக்குக் கீழே இரண்டு இளையவர்களை இன்றே போடுங்கள்.

இரண்டாம் படி: சம்பளமும் பணியும் என்னாகும் என்பதை எழுதிக் கொடுங்கள்

எல்லாப் பயிற்சிக்கும் முந்தியது இது. வயிற்றில் பயத்தை வைத்துக்கொண்டு யாரும் புதிய பாடத்திட்டம் எழுத மாட்டார்.

நம் கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு உலகம் இருக்கிறது. அரசு உதவிபெறும் இடத்தில் இருக்கும் எய்டட் ஸ்டாஃபுக்கு அரசுச் சம்பளம், பணிப்பதிவேடு, ஓய்வூதியம். சுயநிதிப் பிரிவில் இருப்பவருக்கு நிர்வாகம் தருவதுதான் சம்பளம். அவர் அதே பாடத்தை, அதே வகுப்பறையில், மதியத்துக்கு மேல் நடத்துகிறார். இருவரின் கேள்விகளும் வேறு.

எய்டட் ஆசிரியர் கேட்பது: கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து வரும் சம்பளம் தொடருமா? என் இடம் ஒப்பளிக்கப்பட்ட இடமாகவே இருக்குமா? 1976ஆம் ஆண்டு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் எனக்குத் தந்த பாதுகாப்பு இருக்குமா, போய்விடுமா? 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்து பழைய ஓய்வூதியத்தில் இருப்பவர்கள் இன்னும் சிலரே. அவர்கள் ஓய்வுக்குக் கிட்டத்தில் இருப்பதால் அவர்கள் கவலை இன்னும் கூர்மையானது. இந்தக் கேள்விகளுக்கு நிர்வாகம், "பார்த்துக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது பதிலே இல்லை. அரசிடம் எழுதிக் கேட்டு, வரும் பதிலை அப்படியே பலகையில் ஒட்டுங்கள். பதில் பாதகமாக இருந்தால், எய்டட் பிரிவை என்ன செய்யலாம் என்று விண்ணப்பம் போடுவதற்கு முன்பே தீர்மானியுங்கள்.

சுயநிதி ஆசிரியர் கேட்பது எளிமையானது: எனக்கு யு.ஜி.சி. சம்பளம் வருமா? இதற்கும் நேர்மையான பதில் வேண்டும். ஒரே நாளில் முடியாது என்றால், எத்தனை ஆண்டில், எந்தத் தகுதி பெற்றவருக்கு, எந்த விகிதத்தில் என்று ஓர் அட்டவணை போடுங்கள். சிறிய உயர்வாக இருந்தாலும் தேதி போட்ட உயர்வுக்கு மதிப்பு அதிகம். இவர்களைக் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொண்டே பல்கலைக்கழகம் என்று பலகை மாட்டுவது சமுதாயத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். கூலியை வியர்வை உலரும் முன் கொடுங்கள் என்ற நபிமொழியை நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்.

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. நம் கல்லூரிகளில் இந்து, கிறிஸ்தவ ஆசிரியர்களும் அலுவலர்களும் நிறையப் பேர். துறைத் தலைவர்களாகவும் இருக்கிறார்கள். "இஸ்லாமியப் பல்கலைக்கழகம் என்றானால் எங்கள் இடம் என்ன?" என்று அவர்கள் மனதில் ஓடும். சிறுபான்மை நிறுவனங்களை நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு தருகிறது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, அது சிறுபான்மை நிறுவனம் அல்ல என்ற 1967ஆம் ஆண்டு அஸீஸ் பாஷா தீர்ப்பை விலக்கி வைத்தபோது இந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது. உரிமை நிர்வாகத்துடையது, சரி. அப்புறம் அந்த உரிமையை வைத்துக்கொண்டு நடப்பு ஊழியர் ஒருவருக்கும் பணிமூப்பிலோ பதவி உயர்விலோ குறை வராது என்று பணிவிதிகளிலேயே ஒரு வரி எழுதுங்கள். வரைவு தயாரானதும் கல்லூரி ஆசிரியர் சங்கமான மூட்டாவின் கிளைப் பொறுப்பாளர்களை அழைத்து உட்கார வைத்துப் பேசுங்கள். சங்கம் வெளியே நின்று எதிர்ப்பதைவிட உள்ளே உட்கார்ந்து திருத்துவது எல்லாருக்கும் நல்லது.

மூன்றாம் படி: யாருக்கு என்ன தகுதி என்று கணக்கெடுங்கள்

ஒவ்வொரு துறைக்கும் ஒரு பதிவேடு போடுங்கள். பெயர், பிறந்த தேதி, ஓய்வு பெறும் ஆண்டு, முதுகலை மதிப்பெண், நெட் அல்லது செட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு, பி.எச்டி. பெற்ற ஆண்டு, கட்டுரைகள். இவ்வளவு போதும். இதில் ஓய்வு பெறும் ஆண்டைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிமுறைகளின்படி இணைப் பேராசிரியர் பதவிக்கு பி.எச்டி.யும் 8 ஆண்டு அனுபவமும் 7 ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும். பேராசிரியருக்கு 10 ஆண்டும் 10 கட்டுரைகளும். உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட், ஸ்லெட் இவற்றில் ஒன்று போதும், பி.எச்டி. கட்டாயமில்லை என்று 2023இல் தெளிவாக்கிவிட்டார்கள். ஆனால் பி.எச்டி. ஆய்வாளர்களுக்கு வழிகாட்டும் ஆய்வு நெறியாளராக இருக்க பி.எச்டி. இல்லாமல் முடியாது. 2022 நவம்பர் விதிமுறைகளின்படி இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 5 கட்டுரைகளும், உதவிப் பேராசிரியர் 3 கட்டுரைகளும் வைத்திருந்தால்தான் நெறியாளர். ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை ஆய்வாளர்களை வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக ஒருவரையும் சேர்க்க முடியாது.

ஒரு துறையை வைத்துக்கொள்வோம். எட்டு ஆசிரியர்கள். ஆறு பேருக்கு பி.எச்டி. இருக்கிறது என்று நிர்வாகம் மகிழ்ச்சியாகச் சொல்கிறது. அதில் இரண்டு இணைப் பேராசிரியர்கள் அடுத்த இரண்டு ஆண்டில் ஓய்வு. அவர்கள் புதிய ஆய்வாளரை எடுக்க முடியாது. மீதி நான்கு உதவிப் பேராசிரியர்களில் இருவருக்குத்தான் மூன்று கட்டுரைகள் தேறும். ஆக, பல்கலைக்கழகமாகும் நாளில் அந்தத் துறைக்கு இருக்கும் ஆய்வு இடம் எட்டுதான். ஆறு பி.எச்டி. என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய இடி. இந்தக் கணக்கைத் துறைவாரியாகப் போட்டால்தான் எந்தத் துறையில் இளையவர்களைத் தூக்கிவிட வேண்டும் என்று தெரியும்.

எம்.பில். மட்டும் முடித்து இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்களை இங்கே மறக்கக் கூடாது. 2022 விதிமுறைகளோடு எம்.பில். படிப்பே நின்றுபோனது. "இனி எங்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்" என்று அவர்கள் நினைக்கத் தொடங்கினால் வகுப்பறையின் உயிரே போய்விடும். பகுதிநேர பி.எச்டி.க்கு அதே விதிமுறைகள் இடம் தருகின்றன. நிர்வாகம் தடையின்மைச் சான்றைத் தாமதிக்காமல் கொடுக்கட்டும், வாரத்தில் ஒரு நாள் வகுப்பைக் குறைக்கட்டும். ஐம்பது வயதுக்கு மேல் ஆகி, இனி ஆய்வு வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பாடத்திட்டக் குழுவிலும் தேர்வுப் பணியிலும் அவர் அனுபவத்துக்குப் பெரிய வேலை காத்திருக்கிறது.

கட்டுரை எண்ணிக்கைக்காக ஓடுவதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் அச்சிடும் இதழ்கள் வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழுகின்றன. யு.ஜி.சி. தான் ஏற்கும் இதழ்களைச் சொல்லிவந்த 'கேர்' பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இதழின் தரத்தை நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டும். துறைக்கு வெளியிலிருந்து இருவரை வைத்து ஒரு சிறு குழு போட்டு, எந்த இதழில் வந்ததை ஏற்பது என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பு இதனால் மிச்சமாகும்.

ஆலிம்களும் அரபுத் துறையும்

இதை ஒரு படியாக எண்ணாமல் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலூர் பாகியாத்திலோ வேறு மதரஸாவிலோ ஓதி ஸனது என்னும் சான்று வாங்கிய மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் பல கல்லூரிகளில் அரபும் தீனிய்யாத் என்னும் மார்க்கப் பாடமும் நடத்துகிறார்கள். அவர்களுடைய அறிவின் ஆழத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் மதரஸா ஸனது மட்டும் வைத்து யு.ஜி.சி. கணக்கில் உதவிப் பேராசிரியராக முடியாது. இதை அவர்களிடம் மரியாதையாக, நேரமிருக்கும்போதே சொல்லுங்கள். ஆய்வுக் குழு வந்து உட்கார்ந்திருக்கும் நாளில் ஹஜ்ரத் ஒருவரை ஒதுக்கி நிறுத்துவது போன்ற வேதனை வேறில்லை.

வழி இருக்கிறது. அஃப்சலுல் உலமா என்னும் அரபுப் படிப்பு முடித்தவர்கள் பலர் மேலே பி.ஏ., எம்.ஏ. அரபு முடித்திருக்கிறார்கள். நெட் தேர்வில் அரபு ஒரு பாடம், அரபுப் பண்பாடும் இஸ்லாமிய ஆய்வுகளும் தனியாக இன்னொரு பாடம். முதுகலையில் 55 விழுக்காடு வாங்கியவரை நெட் எழுத வையுங்கள். அதன் முதல் தாள் பொதுவானது. கற்பித்தல் திறன், தர்க்கம், தரவு விளக்கம் எல்லாம் வரும். அரபில் கரைகண்டவர்களும் தடுமாறுவது அங்கேதான். உங்கள் கணிதத் துறை இளைஞர் ஒருவர் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும். ஆய்வு முறைக்கும் மேற்கோள் காட்டும் முறைக்கும் இதேபோல ஒரு வகுப்பு வேண்டும். ஹதீஸின் அறிவிப்பாளர் வரிசையை ஒருவர் விடாமல் சொல்லக்கூடியவருக்கு அடிக்குறிப்பு ஒழுக்கம் புதிதல்ல, அதன் படிவம்தான் புதிது.

நான்காம் படி: தேர்வு அலுவலகம்

என் கணிப்பில் ஒரு பல்கலைக்கழகம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். பேராசிரியர்களைவிட முன்னால் இங்குள்ள ஊழியர்களைத் தயார் செய்யுங்கள்.

தன்னாட்சிக் கல்லூரிகளுக்குப் பாதிப் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். மதுரையில் அமெரிக்கன் கல்லூரி 1978 முதலே தன்னாட்சி. உத்தமபாளையம் ஹவுதியாவும் தன்னாட்சிதான். கேள்வித்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, முடிவு வெளியிடுவது எல்லாம் தன்னாட்சியிலேயே வந்துவிடும். பட்டம் மட்டும் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். உங்கள் கல்லூரி இன்னும் தன்னாட்சி பெறவில்லை என்றால் பல்கலைக்கழகப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒரு வரிசை பார்ப்போம். விடைத்தாள் கட்டுகள் வந்து சேரும். பதிவெண் இருக்கும் பகுதியைக் கிழித்தெடுத்து டம்மி நம்பர் போட வேண்டும். எந்தப் பதிவெண்ணுக்கு எந்த டம்மி எண் என்ற பட்டியல் ஒருவர் பொறுப்பில், பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். திருத்துபவர் மதிப்பெண்ணைத் தாளிலும் பட்டியலிலும் எழுதுவார். கூட்டல் சரிபார்ப்பவர் வேறொருவர். கணினியில் ஏற்றுபவர் மூன்றாமவர், அதைத் தாளோடு ஒத்துப் பார்ப்பவர் நான்காமவர். ஆள் குறைவு என்று இந்த நான்கையும் இரண்டு பேரிடம் கொடுத்தால் அன்றைக்கே ஆபத்து தொடங்கிவிட்டது என்று அர்த்தம். யார் எந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார் என்பது ஐந்து ஆண்டு கழித்தும் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

பட்டச் சான்றிதழ்த் தாளைக் கையாள்வது இன்னும் நுணுக்கமான வேலை. ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண் உண்டு. அச்சில் ஒன்று பாழானால் அதைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது. 'ரத்து' என்று முத்திரை குத்தி, பதிவேட்டில் எழுதி, கோப்பில் வைக்க வேண்டும். போலிச் சான்றிதழ் விவகாரம் என்று ஒன்று வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தப் பதிவேடுதான்.

அப்புறம் பெயர். நம் மாணவர்களில் பலர் படித்து முடித்ததும் துபாய், அபுதாபி, சவுதி என்று கிளம்புகிறவர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலைக்குச் சேரும்போது பட்டத்துக்கு மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் இருப்பதும் பட்டத்தில் இருப்பதும் ஓர் எழுத்து மாறினாலும் அவர்கள் அலைவார்கள். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு வகுப்பிலேயே நான்கு விதமாக எழுதுவார்கள். மதுரைப் பக்கம் சிக்கந்தர் என்ற பெயர் நிறைய. ஒரு 'கே'யா இரண்டு 'கே'யா, கடைசியில் 'ஏ'யா 'இ'யா என்று வீட்டுக்கு வீடு மாறும். இனிஷியலை விரித்து எழுதுவதா வேண்டாமா என்பது தனிப் பிரச்சினை. முதலாம் ஆண்டுச் சேர்க்கையின்போதே பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்போர்ட் இருந்தால் அது, எல்லாவற்றையும் வைத்து ஒப்பிட்டு, மாணவரிடமே கையெழுத்து வாங்கும் ஒரு படிவம் போடுங்கள். மூன்றாம் ஆண்டில் இன்னொரு முறை காட்டுங்கள். சேர்க்கைப் பிரிவில் உட்காரும் எழுத்தருக்கு இதன் பின்விளைவைச் சொல்லிக்கொடுத்தால் அவர் அதைத் தன் வீட்டுப் பிள்ளையின் காரியமாகவே பார்ப்பார்.

இதோடு மின்னணு வேலையும் இருக்கிறது. மதிப்பெண்களைக் கல்வி வரவு வங்கியில் ஏற்றுவது, பட்டங்களை டிஜிலாக்கரில் சேர்ப்பது, வேலை தரும் நிறுவனங்கள் கேட்கும் உண்மைத்தன்மைக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது. மூன்றுக்கும் தனித்தனி ஆள் வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆளும் வேண்டும்.

பெயர்ப்பலகை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, நிகர்நிலை நிறுவனங்கள் பெயரோடு 'பல்கலைக்கழகம்' என்று மட்டும் போட்டுக்கொள்ள முடியாது, 'நிகர்நிலை' என்பதைச் சொல்ல வேண்டும். உற்சாகத்தில் லெட்டர்பேடு, முத்திரை, வளைவு எல்லாவற்றையும் அச்சடிப்பதற்கு முன் அலுவலகக் கண்காணிப்பாளர் இதைப் படித்திருக்கட்டும்.

ஐந்தாம் படி: புதிய பொறுப்புகளுக்கு ஆள் பழக்குதல்

கல்லூரியில் முதல்வரும் தாளாளரும் சேர்ந்தால் முடிவு எடுத்துவிடலாம். பல்கலைக்கழகத்தில் பதிவாளர், நிதி அலுவலர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கல்விக் குழு, நிர்வாகக் குழு என்று அதிகாரம் பிரிந்துவிடும். நம் நிர்வாகங்களுக்குக் கடினமான பகுதி இதுதான். ஜமாஅத்தில் பெரிய மனிதர்களாக இருப்பவர்கள், ஒரு பேராசிரியர் கமிட்டியில் எழுந்து "இது விதிப்படி முடியாது" என்று சொல்வதைக் கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும். ஊழியர் பயிற்சி என்றால் ஊழியருக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அறங்காவலர்களுக்கும் ஒரு நாள் வகுப்பு வையுங்கள்.

மாணவர் குறைகளுக்கு இதுவரை கடைசிப் படியாகத் தாய்ப் பல்கலைக்கழகம் நியமித்த குறைதீர்ப்பாளர் இருந்தார். மாணவர் குறைதீர்ப்புக்கான 2023 யு.ஜி.சி. விதிமுறைகளின்படி இனி உங்கள் நிறுவனமே ஒருவரை நியமிக்க வேண்டும். தகவல் உரிமை மனுக்களுக்கு 30 நாளில் பதில் சொல்லும் அலுவலர் வேண்டும். இவற்றுக்குக் கோப்பு எழுதத் தெரிந்த அலுவலகப் பணியாளர்களே முதுகெலும்பு. கோப்புக் குறிப்பு எழுதுவது, விதியை மேற்கோள் காட்டுவது, கூட்ட நடவடிக்கைகளைப் பதிவு செய்வது ஆகியவற்றை ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரை அழைத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். விலை உயர்ந்த ஆலோசனை நிறுவனத்தைவிட அவர் அதிகம் தருவார்.

ஆறாம் படி: பாடத்திட்டம் போடப் பழகுங்கள்

இந்தோனேசியாவில் இதே மாற்றம் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1960இல் தொடங்கிய அரசு இஸ்லாமியக் கல்வி நிறுவனங்கள் ஷரீஅத் (மார்க்கச் சட்டம்), தஃவா (மார்க்க அழைப்பு), உஸூலுத்தீன் (மார்க்க அடிப்படைகள்) போன்ற துறைகளை மட்டும் வைத்திருந்தன. ஜகார்த்தாவில் இருந்தது 2002இலும், யோக்யகர்த்தாவிலும் மாலாங்கிலும் இருந்தவை 2004இலும் பல்கலைக்கழகங்களாயின. அறிவியல், பொருளாதாரம், உளவியல் எல்லாம் உள்ளே வந்தன. ஜகார்த்தாவில் மருத்துவமும் வந்தது. மார்க்க அறிஞர்கள் இயற்பியல்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பாடம் வகுக்க வேண்டி வந்தது.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். நம்மிடம் இயற்பியலும் வணிகவியலும் கணினி அறிவியலும் தொடக்கம் முதலே இருக்கின்றன. இஸ்லாமிய ஆய்வுதான் ஓரத்தில் ஒரு அரபுத் துறையாக நிற்கிறது. பல்கலைக்கழகமானால் நமக்கே உரிய பாடம் எது என்று ஆசிரியர்கள் இப்போதே யோசிக்கலாம். உமறுப் புலவருக்கு முன்பிருந்தே தொடரும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் இருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் வீட்டுப் பரண்களில் கிடக்கும், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் ஏடுகள் இருக்கின்றன. மதுரையின் வக்ஃப் சொத்து ஆவணங்கள் வரலாற்றுத் துறைக்கும் சட்டம் படிப்போருக்கும் தங்கச் சுரங்கம். தமிழ்த் துறை ஆசிரியர் ஒருவரும் அரபுத் துறை ஆலிம் ஒருவரும் சேர்ந்து ஓர் அரபுத் தமிழ்க் கையெழுத்துப் படியைப் படித்தால் இருவராலும் தனியே முடியாத ஒன்று பிறக்கும். இத்தகைய ஒரு தாளை மட்டும் சோதனையாக எழுதச் சொல்லுங்கள்: நோக்கம், அலகுகள், மணி நேரம், வரவுப் புள்ளிகள், மாதிரி வினாத்தாள் வரை. ஒரு தாளை முழுமையாக எழுதிப் பார்த்தவருக்குப் பாடத்திட்டக் குழு பயமுறுத்தாது.

நாட்காட்டி போடுவதும் இனி நம் வேலை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பக்கம் தேர்வு மையம் வைக்க முடியாது. ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2030இல் ஜனவரியில் ஒரு ரமலானும், டிசம்பர் கடைசியில் இன்னொன்றும் தொடங்கும். பருவத் தேர்வுகளை ஐந்தாண்டுக்கு முன்கூட்டியே இந்தக் கணக்கோடு போட்டுவையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்கு மதிய இடைவேளையை நீட்டும் வழக்கம் தொடரலாம், வேலை நாள் மணிக்கணக்கில் அது குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஏழாம் படி: ஒத்திகையும் இரட்டைப் பாதை ஆண்டுகளும்

அறிவிப்பு வருவதற்கு முந்தைய ஆண்டு, ஒரு துறையை எடுத்துக்கொண்டு அதைப் பல்கலைக்கழகத் துறையாகவே பாவித்து ஒரு பருவம் நடத்திப் பாருங்கள். பாடத்திட்டக் குழு கூடட்டும், நடவடிக்கைக் குறிப்பு எழுதட்டும். போலியாக ஒரு மாணவர் குறை மனு கொடுக்கட்டும். மறுகூட்டல் விண்ணப்பம் வரட்டும், எத்தனை நாளில் பதில் போகிறது என்று பாருங்கள். எங்கே கோப்பு தேங்குகிறதோ அங்கே ஆளோ அதிகாரமோ குறைகிறது.

அறிவிப்பு வந்த பிறகு குழப்பம் அதிகமாகும் காலம் முதல் மூன்று நான்கு ஆண்டுகள். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் காமராசர் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் படிப்பார்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் உங்கள் பட்டத்துக்குப் படிப்பார்கள். ஒரே வகுப்பறைக் கட்டடத்தில் இரண்டு பாடத்திட்டம், இரண்டு தேர்வு அட்டவணை, இரண்டு கட்டண விகிதம். பழைய மாணவர்களுக்காக ஓர் அலுவலரைத் தனியே நியமித்து, அவர் மேசையில் பலகை வையுங்கள். அரியர் வைத்திருப்பவர்கள் படிப்பு முடிந்தும் பல ஆண்டு வருவார்கள். திருமணமாகி, குழந்தையோடு, திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ ஒரே ஒரு தாள் எழுத வரும் பெண்ணிடம் "இப்போ நாங்க தனிப் பல்கலைக்கழகம்மா, அங்கே போய்க் கேளுங்க" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவருடைய பதிவெண், பழைய பாடத்திட்டம், கடைசி வாய்ப்பு எப்போது, கட்டணம் எங்கே கட்டுவது என்பதெல்லாம் அந்த மேசையில் ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்த அலுவலர் விடுப்பில் போனாலும் அடுத்தவர் எடுத்துப் பார்த்துப் பதில் சொல்லும்படி இருக்க வேண்டும். கடைசி அரியர் மாணவர் பட்டம் வாங்கும்வரை அந்த மேசையை எடுக்காதீர்கள்.